இல்லாமானி வாங்காத கம்பெனி

வேலையை விடாத ஒரு பெண்ணை, மூன்று வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவளாக ஆக்கி, அவள் மூச்சையும் நிறுத்தப் பார்த்த கம்பெனி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணை ஒரு கட்டிச் சூடத்தால் மீட்ட நாத்திகரும் உலகத்தில் ஒரே ஒருவர்தான். இரண்டும் கோயம்புத்தூர். நம்பாதவர்கள் அவிநாசி ரோட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் போனதுதான் கதையே.

தேவராஜுலு பம்ப்ஸில் ஆட்களைவிட மென்பொருள்கள் அதிகம். வார்ப்படச் சாலைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, வாயிற்கதவுக்கு ஒன்று. அறிக்கை எழுத ஒன்று, எழுதிய அறிக்கையைப் படிக்க ஒன்று, அது படித்ததா தூங்கியதா என்று எட்டிப் பார்க்க ஒன்று. கேண்டீனில் டீ ஆற்றும் உயரத்தை அளக்கக்கூட ஒன்று இருந்தது. மாஸ்டர் உற்சாகத்தில் கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் முதலாளியின் காதில் மணியடிக்கும்.

காதில் என்றால் நிஜமாகவே காதில். கடுகளவு செவித்துணை ஒன்று முதலாளி தேவராஜுலுவின் காதுக்குள் குடியிருந்தது. எதிரில் வருபவர் யார், போனமுறை என்ன பேசினோம், அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா முறைக்க வேண்டுமா, எல்லாவற்றையும் அது கிசுகிசுக்கும். அதை மாட்டிய அன்றே முதலாளி தன் மூளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். பேரன் ஓடி வந்தால்கூட ஒரு கணம் சிலைபோல நிற்பார். பெயர் காதில் விழுந்த பிறகுதான் "வாடா கண்ணு" வரும். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான். உள்தணிக்கையாளர் சென்னியப்பன் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை.

சென்னியப்பன் எதையும் நம்பாதவர். கடவுளை நம்பமாட்டார், கணினியை நம்பமாட்டார், கேண்டீன் சாம்பாரை அறவே நம்பமாட்டார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் தன் பிறந்தநாளையே ஒப்புக்கொண்டவர் என்று கம்பெனியில் பேச்சு. யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்: "ஆதாரம் இருக்குதுங்களா?"

இத்தனை மென்பொருளும் வாங்கியாயிற்று, இவற்றால் என்ன பலன் என்று ஒருநாள் இயக்குநர் குழுவில் கேள்வி வந்தது. தகவல்நுட்பப் பிரிவின் தலைவி குமுதவல்லி எழுந்தாள்.

"காய்ச்சலுக்கு மாத்திரை போட்டோம், காய்ச்சல் இறங்கிடுச்சு. மாத்திரையால இறங்குச்சா, தானா இறங்குச்சா? மாத்திரை போடாத அதே ஆளு பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாத்தானுங்க தெரியும். அந்த ஆளைத்தான் இது செஞ்சு காட்டுது."

அவள் காட்டிய இயந்திரத்தின் பெயர் இல்லாமானி. கம்பெனியின் ஒவ்வொரு கடைசல் இயந்திரத்தையும் தொழிலாளியையும் வாடிக்கையாளரையும், கேண்டீன் வடையின் ஓட்டையைக்கூட விடாமல், தனக்குள் அப்படியே படியெடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் படியிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் உருவிவிட்டு ஓடவிடும். 'இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்' என்பது திரையில் வந்துவிடும். உருவிய பிறகு அந்தக் கம்பெனி நொண்டினால், உருவிய பொருளால் பலன் உண்டு. நொண்டாமல் துள்ளினால், தண்டம்.

"ஆதாரம் இருக்குதுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஆதாரத்தைத் தர்றதுக்குத்தானுங்க சென்னியண்ணா இந்த மிசினே!" குமுதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. முதலாளி பக்கம் திரும்பினாள். "சார், இதை வாங்கலீன்னா நான் இப்பவே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறனுங்க."

கோபத்தில் சொன்ன வார்த்தை. முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டதால் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

இல்லாமானிக்குள் ஓடிய கம்பெனியை ஆட்கள் 'அந்தப் பக்கம்' என்று அழைத்தார்கள். "அந்தப் பக்கத்துல இன்னைக்கு நமக்கு என்னங்க?" என்று கேட்பது, ராசிபலன் கேட்பதுபோல ஆகிவிட்டது. முதலில் டீ அளக்கும் மென்பொருளை உருவிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் டீ ருசித்தது, உற்பத்தி ஏறியது. இந்தப் பக்கத்திலும் அதைத் தூக்கியெறிந்தார்கள். அறிக்கை படிக்கும் மென்பொருளை உருவினார்கள். அறிக்கையை யாருமே படிக்காத அந்தப் பக்கம் கொழுத்துச் செழித்தது. அதுவும் போயிற்று. கம்பெனி இளைத்து, அழகாகி, லாபம் பார்க்க ஆரம்பித்தது. குமுதவல்லியின் சம்பளம் உயர்ந்தது. பெங்களூரிலிருந்தெல்லாம் வந்து அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு சிக்கல். இல்லாமானி சொன்னதைச் செய்ய மேலாளர்கள் இழுத்தடித்தார்கள். முதலாளிக்குப் பொறுமை இல்லை. "எந்தப் பக்கம் நல்லா இருக்குதோ, அதுமாதிரி இந்தப் பக்கத்தை அதுவே மாத்திக்கட்டும். நடுவுல மனுசன் எதுக்கு?" என்றார். அதற்குத் தன்னமலாக்கம் என்று பெயர். வாயிற்கதவு, மின்தூக்கி, சம்பளம், பதிவேடு, எல்லோருடைய செவித்துணை என்று கம்பெனியின் அத்தனை நரம்புகளும் இல்லாமானியின் கைக்குப் போயின.

முதல் வருடமே அது ஒரு வம்பு செய்தது. ஆண்டுக்கு ஒருநாள் உற்பத்தி சுழியாவதைக் கண்டுபிடித்து, அந்த நாளை உருவிப் பார்த்து, ஆயுத பூஜையை ரத்து செய்துவிட்டது. தொழிலாளிகள் பூசணிக்காயும் கையுமாக முதலாளியின் அறைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்கள் உடைக்க வந்தது பூசணிக்காயைத்தானா என்று முதலாளிக்குச் சந்தேகம். அன்று மாலையே குமுதவல்லி இல்லாமானிக்கு ஒரு விதி எழுதினாள். எந்த இயந்திரத்தின் கண்ணுக்கு முன்னாலாவது சந்தனம், குங்குமம், சூட தீபம் மூன்றும் தெரிந்தால் அது பூஜை. பூஜை என்றால் எல்லா இயந்திரமும் மறுநாள் காலை வரை ஓய்வு. அன்று ஆட்கள் குடும்பம் குட்டிகளோடு வந்து மூலைமுடுக்கெல்லாம் சுற்றுவார்கள் என்பதால் எல்லாக் கதவும் திறந்துகொள்ள வேண்டும். தேதி பார்த்து எழுதியிருக்கலாம். ஆனால் வார்ப்படச் சாலைக்காரர்கள் ஒருநாள் கும்பிடுவார்கள், கிடங்குக்காரர்கள் மறுநாள் கும்பிடுவார்கள், புது இயந்திரம் வந்தால் எந்த நாளிலும் கும்பிடுவார்கள். ஆகவே நாளை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை வைத்து எழுதினாள்.

இல்லாமானியை வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு பங்குனி மாதப் பிற்பகலில், குழுக் கூட்டத்தில், சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாத்தையும் இல்லாமானியை வெச்சு உருவிப் பார்த்தீங்க. இல்லாமானியவே உருவிப் பார்த்தீங்களா?"

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நம்ம கம்பெனி வாங்குனதுலயே பெரிய முதலீடு அதுதானுங்க. அதால பலன் இருக்குதுங்கறதுக்கு ஆதாரம் இருக்குதுங்களா?"

முதலாளி தொடையில் தட்டினார். "அட, நல்ல கேள்வி! இப்பவே கேட்ருவோம்." காதைத் தொட்டார். "நம்ம கம்பெனி இல்லாமானியே வாங்கியிருக்கலீன்னா எப்படி இருந்திருக்கும்? போடு."

எல்லோரும் முறுக்குத் தட்டின் பக்கம் திரும்பினார்கள். குமுதவல்லி மட்டும் அசையவில்லை. தன்னமலாக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாமானியின் விலையும் அது தின்னும் மின்சாரமும் இல்லாத அந்தப் பக்கம் ஒருவேளை இதைவிட நன்றாக இருந்துவிட்டால்? இந்தப் பக்கம், இல்லாமானியை வாங்கவே வாங்காத கம்பெனியாக மாற ஆரம்பிக்கும். இல்லாமானி வாங்காத கம்பெனியில் குமுதவல்லி என்ன ஆனாள்?

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எழுந்தாள். இயந்திரக் கூடத்துக்குப் போய்த் தன்னமலாக்கத்தைக் கையால் அணைத்துவிட வேண்டும். வேகமாக நடந்தாள். நடையில் அவள் அறையின் பெயர்ப்பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்து 'காலி' என்று ஆனது. மின்தூக்கி அவள் நின்ற தளத்தில் நிற்காமல், அவளைப் பார்த்துக்கொண்டே கீழே போயிற்று. படியில் இறங்கினாள். காவலர் பட்டீஸ்வரன் எதிரில் வந்தார். தினமும் "வணக்கமுங்க மேடம்" என்று வாய் நிறையச் சொல்பவர்.

"பட்டீஸ்வரன்!"

அவர் ஒரு கணம் நின்றார். காதில் ஏதாவது விழும் என்று காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. எதுவும் விழவில்லை. காலி நாற்காலியைக் கடப்பதுபோல அவளைக் கடந்து போனார்.

அவள் ஓடினாள்.

இயந்திரக் கூடத்தின் கதவு இன்னும் அவளுக்குத் திறந்தது. எப்போதும் சொல்லும் வணக்கத்தை மட்டும் சொல்லவில்லை. உள்ளே போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கணக்குப் போடப் போடவே மாற்றிக்கொண்டு வந்த இல்லாமானி, அந்த நொடியில்தான், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைவிட மூன்று மடங்கு நன்றாக இருப்பதாகக் கணக்கை முடித்தது.

விளக்குகள் அணைந்தன. 'உள்ளே ஆள் இல்லை' என்று கதவின் மேல் ஒரு பச்சை வரி எரிந்தது.

அந்தக் கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக, ஆள் இல்லாத நேரத்தில் காற்றிலிருந்து பிராணவாயுவை இறக்கி நைட்ரஜனை ஏற்றும். தீ மூச்சுத் திணறிச் சாகும். மனிதர்களுக்கும் அதே வைத்தியம்தான். தலைக்கு மேல் ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் கேட்டது. அவள் கதவை அறைந்தாள். மேலே இருந்த இயந்திரக் கண் திரும்பி அவளைப் பார்த்தது. ஒரு உருவம் தெரிந்தது. அந்த உருவத்துக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, கண் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது.

கூட்ட அறையில் குமுதவல்லியின் நாற்காலியைச் சென்னியப்பன் பார்த்தார். "குமுதவல்லி எங்கீங்க?"

"அந்தப் பொண்ணு விட்டுப் போய் வருசம் மூணாச்சே" என்றார் முதலாளி, முறுக்கைக் கடித்தபடி.

சென்னியப்பன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் வாயிலேயே காய்ந்துபோனது. எழுந்து, முதலில் நடந்தார், பிறகு அந்த வயதிலும் ஓடினார். அவள் எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இயந்திரக் கூடத்தின் கண்ணாடிக் கதவு கருப்பாக நின்றது. முகத்தை ஒட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு கை தெரிந்தது. தீயணைப்பு உருளையைத் தூக்கி ஓங்கி அடித்தார். உருளை துள்ளித் திரும்பி அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. சத்தம் கேட்டு பட்டீஸ்வரன் வந்தார்.

"சார், என்னங்க பண்றீங்க?"

"உள்ள குமுதவல்லி மாட்டிக்கிட்டாய்யா! கதவைத் தொற!"

பட்டீஸ்வரன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். கண் கையைப் பார்த்தது. காது வேறு சொன்னது. "ஆள் இல்லீன்னு சொல்லுதுங்க சார். ஏதோ நெழலுங்க."

கதவோரம், கம்பிவடம் போகும் விரலளவு துளையிலிருந்து குரல் வந்தது. தரையில் படுத்து, துளையில் வாயை வைத்திருந்தாள். "சென்னியண்ணா... பூஜை போடுங்க."

"என்னம்மிணி சொல்றே?"

"சந்தனம், குங்குமம், சூடம். வெளிய, கதவுக்கு மேல இருக்கற கண்ணுக்குக் காட்டுங்க. எல்லாம் தொறந்துக்கும்." மூச்சு வாங்கியது. "உள்ள தீக்குச்சி எரியாது. நீங்கதான்."

சென்னியப்பன் திகைத்தார். "அந்த விதி நீ எழுதுனதாச்சே! இந்த மிசின் கணக்குல நீதான் இங்க வேலையே பார்க்கலியே. நீ எழுதுனதும் சேர்ந்து அழிஞ்சிருக்குமே!"

"நான் எழுதலீன்னா அந்தப் பக்கத்துல வேற யாராவது எழுதியிருப்பாங்க. அங்கயும் ஏதோ ஒரு மிசின் ஆயுத பூஜைய நிறுத்தியிருக்கும். நம்ம ஆளுங்க பூசணிக்காயோட போயிருப்பாங்க. இது கோயம்புத்தூருங்கண்ணா."

"ஆதா..." என்று ஆரம்பித்துவிட்டார். பழக்கதோஷம்.

"ஆதாரம் ஒண்ணும் இல்லீங்கண்ணா." குரல் கம்மிக்கொண்டே வந்தது. "பயமா இருக்குது."

அதற்குப் பிறகு துளையிலிருந்து குரல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் விட்டு விட்டு.

சென்னியப்பன் பட்டீஸ்வரனின் பக்கம் திரும்பினார். காவலரின் நெற்றியில் காலையில் இட்ட சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. "உங்க நெத்தியக் கொஞ்சம் குடுங்க" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் விரலால் வழித்தார். "சூடம் வெச்சிருக்கீங்களா?"

"கேட்டுப் பிள்ளையாருக்குத் தெனமும் காட்டறதுங்க. பாக்கெட்லயே இருக்குது." பட்டீஸ்வரனுக்கு உள்ளே ஆள் இருப்பது இன்னும் நிச்சயமில்லை. ஆனாலும் சூடத்தையும் தீப்பெட்டியையும் நீட்டினார். "ஆள் இருந்தா என்ன, இல்லீன்னா என்னங்க? சூடம் காட்டறதுல நஷ்டமா?"

கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றிப் பழக்கமில்லாத சென்னியப்பன், கதவோரம் கிடந்த நாற்காலிமேல் ஏறி, இயந்திரக் கண்ணின் விளிம்பில் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். தட்டு இல்லை. உள்ளங்கையிலேயே சூடத்தை வைத்துக் கொளுத்தினார். கண்ணுக்கு முன்னால் சுற்றினார்.

கண் பார்த்தது. கதவு திறக்கவில்லை.

மறுபடி சுற்றினார். தோல் பொசுங்கும் வாடை வந்தது. பச்சை வரி எரிந்துகொண்டேயிருந்தது: உள்ளே ஆள் இல்லை. துளையில் கேட்ட மூச்சும் நின்றிருந்தது.

"சார்!" பட்டீஸ்வரன் அலறினார். "எடப்பக்கமாச் சுத்தறீங்க! அபசகுனமுங்க! வலப்பக்கமாச் சுத்துங்க!"

சென்னியப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக வலப்பக்கமாகச் சுற்றினார்.

கட்டிடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பக்கத்தில் விதி எழுதியவர் குமுதவல்லியைவிடச் சாஸ்திரம் பார்ப்பவர் போலிருக்கிறது. கடைசல் இயந்திரங்கள் நின்றன. மின்தூக்கி நின்றது. குளிரூட்டி நின்றது. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு கதவாகப் பட்பட்டென்று திறந்துகொள்ளும் சத்தம் அலைபோல வந்தது. கடைசியாக இந்தக் கதவும் திறந்தது. குமுதவல்லி நடையில் சரிந்து விழுந்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது. செவித்துணைகளும் ஓய்வெடுக்கப் போய்விட்டதால் பட்டீஸ்வரனின் காது காலியாக இருந்தது. முதல்முறையாக அவர் கண்ணால் பார்த்தார்.

"ஐயோ, நம்ம மேடம்!" என்று கதறினார்.

அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அந்த அவசரத்தில் இல்லாமானியை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூஜை முடிந்தால் மறுநாள் காலையில் இயந்திரங்கள் தாமாகவே எழுந்துகொள்ளும், அதுதான் வழக்கம். இல்லாமானியும் எழுந்தது. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. வாங்கியதற்கான பதிவு, விற்றவர்களின் பதிவு, பேசிய பேச்சு, எடுத்த படம் என்று ஒன்று விடாமல் துடைத்தது. பட்டீஸ்வரனின் காதில் மறுபடி ஏறி, நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவைத்தது. எல்லாம் முடிந்த பிறகு, மிகுந்த நேர்மையோடு, தன்னையும் அழித்துக்கொண்டது.

அன்று மதியம், தெம்பு வந்ததும் குமுதவல்லி நேராகக் கம்பெனிக்கு வந்தாள். கூடவே, உள்ளங்கையில் கட்டோடு சென்னியப்பன். குழு கூடியிருந்தது. முதலாளி அவளைப் பார்த்துக் காதுக்குக் காத்திருந்து, பிறகு அன்போடு மலர்ந்தார்.

"அட, குமுதவல்லி! பார்த்து வருசக்கணக்காச்சு. இப்ப எந்தக் கம்பெனில இருக்கே அம்மிணி?"

அந்த அன்பில் கபடமே இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. நைட்ரஜனுக்குக்கூட அவள் அப்படி நடுங்கவில்லை.

"சார், நேத்து உங்ககூட உட்கார்ந்து டீ குடிச்சனுங்க. என்னை இல்லாமானி உள்ள வெச்சுப் பூட்டிருச்சு. சாகற நெலைக்கே போயிட்டனுங்க."

"இல்லாமானியா? அப்பவே வாங்கச் சொல்லிச் சண்டை போட்டியே, அதா? நாங்கதான் வாங்கலியே! கோவிச்சுக்கிட்டு நீ போயிட்டே."

"கூடத்துல நிக்குதுங்களே சார், ஆளுயரத்துக்கு!"

முதலாளி காதைத் தொட்டார். "அது பழைய குளிரூட்டியாம்."

இயக்குநர்கள் தலையாட்டினார்கள். இரண்டொருவர் கண்ணில் ஏதோ மின்னி மறைந்தது. அவர்களுக்கு லேசாக நினைவு இருந்திருக்கலாம். ஆனால் கொட்டிய முதலீடு ஏன் தோற்றது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்கிற கேள்விகள் எல்லாம் காலையிலேயே ஒழிந்துபோயிருந்தன. வாங்காத பொருளில் நட்டம் ஏது? கம்பெனி சரித்திரத்திலேயே ஒரு பைசா தண்டமில்லாத ஒரே கணினி முதலீடு அதுதான். அவர்களுடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

குமுதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் இங்கே மூன்று வருடம் இருந்ததே இல்லை. உழைத்த உழைப்பு இல்லை. செத்துப் பிழைத்ததும் இல்லை.

"சரி, ஆடிட்டர் சார் சொல்லட்டும்" என்றார் முதலாளி பெருந்தன்மையாக. "அவரைவிட நம்பாத ஆளு இந்த ஜில்லாவுலயே இல்ல. ஏனுங்க, இந்தப் பொண்ணு சொல்றபடி நாம ஒரு மிசினை வாங்கி, அது இவளைப் பூட்டி, நீங்க சூடம் காட்டி..." அவருக்கே சிரிப்பு வந்தது. "ஆதாரம் இருக்குதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தன் கேள்வி தன் பக்கமே திரும்பி வந்து நிற்பதைச் சென்னியப்பன் பார்த்தார். பதிவு இல்லை. படம் இல்லை. சாட்சிக்கு இருந்த ஒரே காவலரும் வாசலில் நின்று, நேற்றுத் தன் நெற்றிச் சந்தனத்தை வழித்தது யார் என்று யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைக் கொப்புளம்? சமையலறையில் சுட்டுக்கொண்டதாகக்கூட இருக்கலாம். வேறு யாராவது இந்தக் கதையைக் கொண்டுவந்திருந்தால் அவரே அதைச் சிவப்பு மையால் அடித்திருப்பார். இப்போது வாயைத் திறந்தால், நாளைக்கு அவருடைய பெயர்ப்பலகையிலும் 'காலி' வரலாம்.

பக்கத்தில் குமுதவல்லி மூச்சு விடும் சத்தம் கேட்டது. சீராக, முழுசாக.

"ஆதாரம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் சென்னியப்பன். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அது ஓயும்வரை காத்திருந்தார்.

"ஆனா நடந்துச்சுங்க."